நிலையற்ற விதி அல்ல, நிலைசாரா விதி

கணினி வலையமைப்பில் வழங்கும் ‘ஸ்டேட்லெஸ்’ என்ற சொல்லை ‘நிலையற்ற’ என்று தமிழில் எழுதும் வழக்கத்தை எத்தனையோ கையேடுகளில் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பாராததுபோல் கடந்திருக்கிறேன். குளச்சல்காரரான ஒரு மீன் ஏற்றுமதியாளருக்கு, அவருடைய கிளவுட் ஃபயர்வால் (இணையவழிச் சேவையகத்துக்கு வந்துபோகும் தரவை வடிகட்டும் காவல்) விதிகளை விளக்குவதற்காக எங்கள் அலுவலகத்தில் தயாரித்த குறிப்புத் தாளை விரித்து வைத்த அன்றுதான் அந்தப் பொறுமை தீர்ந்தது. தாளின் தலைப்பு ‘நிலையற்ற பொதி வடிகட்டல் விதிகள்’ என்றிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “நெலையில்லாத காவலு எனக்கெதுக்குடே மக்கா? நெலைச்சு நிக்கதுக்குத்தானே துட்டு தாறேன்” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுவதும் தலைப்பில் இருந்தது.

முதலில் பொருளைப் பார்ப்போம். வலையமைப்பில் செல்லும் தரவு சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொதியின் மேலும் எந்த முகவரியிலிருந்து வருகிறது, எந்த முகவரிக்குப் போகிறது, இரு முனைகளிலும் எந்தத் துறை எண் (கணினியில் எந்தச் சேவைக்கு உரியது என்று காட்டும் ‘போர்ட்’ எண்), எந்த நெறிமுறை ஆகிய ஐந்து விவரங்கள் இருக்கும். ஸ்டேட்லெஸ் வடிகட்டி இந்த விவரங்களையும், வேண்டுமானால் டிசிபி கொடிகளையும் (டிசிபி என்ற நெறிமுறையில் பொதியின் வகையைக் காட்டும் சிறு குறிகளையும்), எழுதிவைத்த விதிகளோடு ஒப்பிட்டு ‘விடு’ அல்லது ‘தடு’ என்று முடிவு செய்கிறது. சற்று முன்பு எந்தப் பொதி போனது, இது அதற்கு வந்த மறுமொழியா என்பதை அது பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு அதனிடம் பதிவேடும் இல்லை. களியக்காவிளை எல்லையில் இரண்டு காவலர்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அந்தப் பக்கம் போன வண்டியின் எண்ணை ஏட்டில் குறித்துக்கொண்டு, அதே வண்டி திரும்பும்போது ‘காலையில் போனதுதானே’ என்று விட்டுவிடுகிறார். மற்றவரிடம் ஏடு கிடையாது. காலையில் தாமே அனுப்பிய வண்டியானாலும் திரும்பி வரும்போது புதிய வண்டியாகவே நிறுத்தி, சீட்டைக் கேட்கிறார். இந்த இரண்டாமவர்தான் ஸ்டேட்லெஸ்.

சொல்லின் பிறப்பு நீளமான கதை அன்று. இலத்தீனில் நிற்றலைக் குறிக்கும் ‘ஸ்டாரே’ என்ற வினையிலிருந்து ‘ஸ்டாட்டுஸ்’ பிறந்து, அதுவே ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்’ ஆயிற்று. நம்மிடமும் ‘நில்’ என்ற வினையடியிலிருந்துதான் ‘நிலை’ பிறந்தது. ஆகவே ஸ்டேட் என்பதற்கு நிலை என்று எழுதுவதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இணை கிடைப்பது அரிது. வழக்கெல்லாம் அதன் பின்னால் ஒட்டவைக்கும் ‘அற்ற’ என்பதைப் பற்றியது.

‘நிலை’ தனித்து நிற்கும்போது எந்த நிலையையும் குறிக்கும். எதிர்மறை ஏற்றதும் அதன் பொருள் சுருங்கி, ‘நிலைத்திராத’ என்ற ஒன்றில் போய் நின்றுவிடுகிறது. திருக்குறளின் 34ஆம் அதிகாரத்தின் பெயர் நிலையாமை. செல்வமும் உடலும் நில்லாமல் போவதைத்தான் அது பேசுகிறது. ‘நிலையற்ற வாழ்வு’ என்று சாவு வீட்டில் ஒருவர் சொன்னால், பதிவேடு இல்லாத வாழ்வு என்று எவரும் பொருள் கொள்வதில்லை. ஒரு சொல்லுக்கு இத்தனை நூற்றாண்டுப் பழக்கம் இருக்கும்போது, கணினிக்காரர்களாகிய நாம் அதற்கு வேறு பொருள் ஏற்றிவிட்டு, படிப்பவர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இதைவிடப் பெரிய கேடு தொழில்நுட்பத்துக்கு உள்ளேயே இருக்கிறது. மாறாமல் இருக்கும் ஐபி முகவரியை ‘நிலையான முகவரி’ என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். அப்படியானால் நிலையற்றது என்பது மாறிக்கொண்டே இருப்பது என்றுதானே பொருள்படும்? உண்மையோ இதற்கு நேர் எதிரானது. ஸ்டேட்லெஸ் விதியிடம் ஒரே பொதியைக் காலை 10 மணிக்குக் கொடுத்தாலும் நள்ளிரவில் கொடுத்தாலும், விதியை நாம் திருத்தாத வரையில், ஒரே விடைதான் கிடைக்கும். நேற்று நடந்ததை வைத்து இன்றைய விடையை மாற்றிக்கொள்வது பதிவேடு வைத்திருக்கும் அந்த மற்றைய வகைதான். ஆக, இரண்டில் எது பிடிவாதமாக நிலைத்து நிற்கிறதோ அதற்குப் போய் ‘நிலையற்ற’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

‘அற்ற’ என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நீர் அற்ற குளம் என்றால் முன்பு நீர் இருந்து இப்போது வற்றிய குளம். அறுதல் என்பதில் இருந்தது போய்விட்ட குறிப்பு இருக்கிறது. இந்த வடிகட்டி எதையும் இழக்கவில்லை. அது தொடக்கத்திலேயே ஏடு வைத்துக்கொள்ளாத வகை. இதை நான் முதன்மையான வாதமாகச் சொல்லவில்லை. ‘குற்றமற்ற’ என்று குழந்தையைச் சொல்லும் வழக்கு இருப்பதை நான் அறிவேன். ஆனாலும் காதில் இடறுகிறது.

பெயரில் என்ன இருக்கிறது, வேலை நடந்தால் போதாதா என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒரு தம்பி கேட்டார். அவருக்கு நடந்ததையே சான்றாகச் சொல்கிறேன். ஏற்றுமதியாளரின் ஆர்டர் பக்கத்துக்கான விதிகளை டெராஃபார்ம் (கிளவுட் அமைப்புகளை நிரலாக எழுதிவைக்கும் கருவி) கோப்பில் எழுதியவர் அவர்தான். முன்னுரிமை எண் 10, நெறிமுறை 6, அதாவது டிசிபி, எந்த முகவரியிலிருந்தும் வரலாம், சேரும் துறை 443, செயல், விடு. எந்த விதியிலும் பொருந்தாத பொதிகளுக்கும், துண்டுபட்ட பொதிகளுக்கும் இயல்புச் செயலாகத் ‘தடு’ என்று எழுதியிருந்தார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் பக்கம் திறக்கவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை. உலாவி சுற்றிச் சுற்றி நின்று ஓய்ந்தது. விதி நிலையற்றது, அதனால் சில நேரம் வேலை செய்யாது போலும் என்று அவர் நாலைந்து முறை மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்த்திருக்கிறார்.

நடந்தது இதுதான். வாடிக்கையாளரின் உலாவி அனுப்பிய முதல் பொதி 443ஆம் துறையைத் தேடி வந்தது. 10ஆம் விதி அதை விட்டது. சேவையகம் மறுமொழி அனுப்பியது. அந்த மறுமொழியில் 443 என்பது புறப்படும் துறையாகிவிட்டது. சேரும் துறையோ உலாவி அந்த நேரத்துக்கென்று எடுத்துக்கொண்ட, 51834 போன்ற ஏதோவொரு பெரிய எண். அதற்கென்று விதி இல்லை. தான் சற்றுமுன் உள்ளே விட்ட பொதிக்கு வந்த பதில்தான் இது என்று வடிகட்டிக்குத் தெரியாது. எனவே தடுத்தது. இரண்டாவதாக ஒரு விதி எழுதினோம்: புறப்படும் துறை 443, சேரும் துறை 1024 முதல் 65535 வரை, செயல் விடு. பக்கம் உடனே திறந்தது. மறுமொழிகளில் ‘பெற்றேன்’ என்று சொல்லும் ஏசிகே கொடி ஏற்றப்பட்டிருக்கும் என்பதால், அந்தக் கொடி உள்ள பொதிகளை மட்டும் விடும்படி விதியை இன்னும் இறுக்கலாம். ஆனால் அந்தக் கொடியை எவர் வேண்டுமானாலும் ஏற்றி அனுப்ப முடியும் என்பதால் அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. போக ஒரு விதி, வர ஒரு விதி என்ற இந்த அடிப்படையைச் சொல்லே நினைவூட்டியிருக்க வேண்டும். ‘நிலையற்ற’ என்ற சொல் அவரை வேறு திசையில் தேட வைத்தது.

அப்படியானால் எந்தச் சொல்? ‘நினைவற்ற’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது மயங்கி விழுந்தவரைக் குறிக்கும் சொல். ‘நினைவிலி’ உளவியலில் வழங்கும் நனவிலிக்கு மிக அருகில் நின்று குழப்புகிறது. மேலும், விதிகளை வைத்துக்கொள்ள இந்த வடிகட்டிக்கும் நினைவகம் வேண்டும். அது குறித்துவைக்காதது இணைப்புகளின் வரலாற்றை மட்டுமே. குறித்துவைக்காததுதான் அதன் வலிமையும்: பொய்யான இணைப்புக் கோரிக்கைகளை வெள்ளமாக அனுப்பிப் பதிவேட்டை நிரப்பித் திணறடிக்கும் தாக்குதலில், நிரப்புவதற்கு ஏடே இல்லாதவனை என்ன செய்ய முடியும்?

நான் பரிந்துரைப்பது ‘நிலைசாரா’. இது என் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட ஒன்றுமில்லை. முறைசாராத் தொழிலாளர், அணிசாரா நாடுகள், அரசுசாரா அமைப்பு என்று செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் பழகிய அச்சு அது. முறைசாராத் தொழிலாளர் என்றால் முறைகெட்டவர் என்று எவரும் நினைப்பதில்லை. அதுபோல நிலைசாரா விதி என்றால், முந்தைய நிலை எதையும் சார்ந்து முடிவெடுக்காத விதி என்பது தானே விளங்கும். எதிர்ச்சொல்லும் பக்கத்திலேயே தயாராக இருக்கிறது: நிலைசார் விதி. அமேசானின் நெட்வொர்க் ஃபயர்வாலில் பொதி முதலில் நிலைசாரா இயந்திரத்துக்குப் போய், அங்கே ‘அனுப்பு’ என்ற முடிவு கிடைத்தால் நிலைசார் இயந்திரத்துக்குப் போகிறது என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் எங்கும் தடுக்காது.

மற்றச் சொற்களில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இல்லை. ஃபயர்வாலைத் தீச்சுவர் என்பதைவிடத் தீயரண் என்பது நன்று. வட்டக்கோட்டையையும் உதயகிரிக் கோட்டையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அரண் என்றால் விளக்கவே வேண்டாம். பாக்கெட்டுக்குப் பொதியோ சிப்பமோ இருக்கட்டும். பொட்டலம் மட்டும் வேண்டாம், கடலை வாசம் வருகிறது.

ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு கையேட்டில் ‘மாநிலமற்ற விதிக் குழு’ என்று கண்டேன். 1956 நவம்பர் 1 அன்று ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் இதைப் படித்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இன்னொன்றில் ‘நாடற்ற விதிகள்’ என்றிருந்தது. அதற்குச் சிரிப்பு வரவில்லை. நாடற்றவர் என்ற சொல், 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டத்தால் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர்களாக ஆக்கப்பட்ட மலையகத் தமிழரைக் குறித்துத் தமிழில் வேர்பிடித்த சொல். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பின் கடல் கடந்து வந்த அம்மக்களின் குடும்பங்கள் எங்கள் மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இன்றும் இருக்கின்றன. அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டுகிறவர், அந்தச் சொல் யாருடைய வாழ்க்கையில் கிடந்தது என்று ஒரு கணம் பார்த்திருக்கலாம். இதே கையேட்டில் நிரலுக்குள் இருக்கும் திறவுச்சொற்களையும் தமிழாக்கி வைத்திருந்தார்கள் என்பது தனிச் சோகம். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்த மாணவருக்குப் பிழைச் செய்தி மட்டுமே கிடைத்திருக்கும். நிரலில் உள்ளது நிரலில் உள்ளபடி இருக்கட்டும். அதன் மேல் எழுதும் குறிப்புரையைத்தான் தமிழில் எழுத வேண்டும்.

குறிப்புத் தாளைத் திருத்தி, ‘நிலைசாரா விதிகள்: திரும்பும் பொதிக்கும் தனியே விதி வேண்டும்’ என்று தலைப்பிட்டுக் குளச்சலுக்கு மறுபடியும் எடுத்துச் சென்றேன். ஏற்றுமதியாளர் இரண்டு முறை படித்துவிட்டு, “அப்போ வண்டி வரதுக்கு ஒரு சீட்டு, திரும்பிப் போகதுக்கு வேற சீட்டு, அவ்வளவுதானே?” என்றார். அவ்வளவுதான் என்றேன்.