பிழைச்செய்தி வராத பிழைகள்

"சார், புரோகிராம் நல்லாத்தான் ஓடுது. ஆனா சில சொல்லுக்கு மட்டும் எல்லாருக்குமே தப்புன்னு விழுது."

ஒரு முதுகலை மாணவி இப்படிச் சொல்லிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். உளவியல் ஆய்வகத்தில் கணினிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவருடைய சோதனை எளிமையானதுதான். ஹெட்போனில் ஒரு தமிழ்ச் சொல் ஒலிக்கும், கேட்டவர் அதைத் தட்டச்சு செய்ய வேண்டும், கணினி பட்டியலோடு ஒப்பிட்டு சரி, தவறு என்று குறித்துக்கொள்ளும். முப்பது பேர் வந்து செய்துவிட்டுப் போய்விட்டார்கள். 'கொடி' என்று கேட்டு 'கொடி' என்றே அடித்தவருக்கும் தவறு.

தவறு விழுந்த சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். கொடி, தோட்டம், சோறு, பொம்மை. எழுதி முடித்ததுமே புரிந்துவிட்டது, எல்லாவற்றிலும் ஒ அல்லது ஓ உயிர்மெய். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். 'ொ' என்ற ஒரே குறியாக வைக்கலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். அவர் பட்டியலை ஒரு பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்திருந்தார், அதில் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தன. இதைச் சீராக்க யூனிகோடிலேயே என்எஃப்சி என்றொரு முறை இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி வேலை. பட்டியலையும் விடையையும் இரண்டையுமே அதில் போட்டு எடுத்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

ஆனால் 'கௌ' என்பதற்குக் கொம்பு, க, ள என்று அடிக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 'ஔவை'க்கு 'ஒளவை' என்று அடிப்பதும் அப்படித்தான். இதை என்எஃப்சி திருத்தாது, தனியாகத் தேடித்தான் திருத்த வேண்டும். எக்செல் கட்டத்தில் சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடமும் இதே மாதிரித் தலைவலிதான்.

அந்த முப்பது பேரின் தரவு எப்படித் தப்பித்தது என்றால், அவர்கள் அடித்ததை அப்படியே கோப்பில் சேமித்திருந்தோம். மதிப்பெண்ணை மட்டும் சேமித்திருந்தால் முப்பது பேரையும் மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும்.

எழுத்துக் கணக்கிலும் இதே குழி இருக்கிறது. 'படம்' மூன்றெழுத்து, 'கொக்கு'வும் மூன்றெழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 6 என்று சொல்லும். புள்ளியையும் துணைக்குறிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அதை நம்பி 'சம நீளச் சொற்கள்' என்று பட்டியல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உச்சரிக்க அதிக நேரம் எடுக்கும் சொற்கள் குறைவாகவே நினைவில் நிற்கின்றன என்று உளவியலாளர் பேட்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1975-லேயே காட்டிவிட்டார்கள். நினைவுச் சோதனை செய்கிறவர் எழுத்தை எண்ணுவதைவிடச் சொல்லிப் பார்த்து நேரத்தை அளப்பது நல்லது.

சிஎஸ்வி கோப்பு முழுக்கக் கேள்விக்குறியாக வந்தால், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்கவில்லை என்று அர்த்தம். அது கண்ணுக்குத் தெரிகிற பிழை, அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. எக்செலில் ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்துகிறார்களே, அதுதான் பயம். சொற்கள் நகர்ந்துவிடும், ஒலிக்கோப்பின் பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சோதனை எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும்.

சரி, ஒலிக்கு வருவோம். என் நேரத்தை அதிகம் தின்பது இதுதான்.

ஓர் ஆய்வு மாணவர் உணர்ச்சிச் சொற்களையும் சாதாரணச் சொற்களையும் ஒலிக்கவிட்டு, எவ்வளவு சீக்கிரம் விசையை அழுத்துகிறார்கள் என்று அளந்தார். உணர்ச்சிச் சொற்களுக்கு ஏறக்குறைய 60 மில்லிவினாடி தாமதம். கட்டுரையில் அந்தப் பகுதியையே எழுதி முடித்துவிட்டார். கோப்புகளை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து பார்த்தால், உணர்ச்சிச் சொற்களை வேறொரு நாளில் பதிவு செய்திருந்தார். அவற்றில் பேச்சு தொடங்குவதற்கு முன் இருந்த மௌனம் மற்றவற்றைவிட நீளம். வெட்டிச் சமமாக்கி மறுபடி ஓட்டியபோது வித்தியாசத்தின் பெரும்பகுதியைக் காணவில்லை. பாவம், ஒரு வாரம் அவர் ஆய்வகப் பக்கமே வரவில்லை.

மௌனத்தை வெட்டும் வேலையையும் தானியங்கிக் கருவியிடம் விடாதீர்கள். சகரத்தின் தொடக்கச் சீறல் மெலிதானது, கருவி அதை மௌனம் என்று நினைத்து வெட்டிவிடும். 'சங்கு' கேட்க வேண்டியவருக்கு 'அங்கு' என்று கேட்கும். எம்பி3 வேண்டாம், குறியாக்கத்தில் முன்னால் கொஞ்சம் வெற்று நேரத்தைச் சேர்த்துவிடும். வேவ் கோப்பே போதும்.

வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில் பதிவான கோப்பை 48,000-த்தில் ஓட்டினால் குரல் கொஞ்சம் கீச்சென்று வரும், ஒரு வினாடிச் சொல் 919 மில்லிவினாடியில் முடிந்துவிடும். சில மென்பொருள்கள் 'வீதம் பொருந்தவில்லை' என்று சொல்லி நின்றுவிடும். அவற்றைத் திட்டாதீர்கள். எதுவும் சொல்லாமல் ஓட்டுகிறவைதான் ஆபத்து.

புளூடூத் ஹெட்போனை என் ஆய்வகத்தில் அனுமதிப்பதில்லை. நூறு, இருநூறு மில்லிவினாடி தாமதம் அதில் சர்வசாதாரணம். தாமதம் ஒரே அளவாக இருந்தால் கழித்துக்கொள்ளலாம், ஒருமுறை 120, அடுத்த முறை 190 என்றால் எதைக் கழிப்பது? இதை அளக்க விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டாலும் வழி உண்டு. விசையைத் தட்டியதும் 'பீப்' ஒலிக்கும்படி நாலு வரி எழுதுங்கள். ஹெட்போனின் ஒரு காதைக் கைப்பேசியின் மைக்மேல் வைத்து, விசை தட்டும் சத்தத்தையும் பீப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஐம்பது தடவை தட்டி, இரண்டு சத்தங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிகளை அளந்தால் தாமதமும் அதன் ஊசலாட்டமும் தெரிந்துவிடும். விசைப்பலகையின் தாமதமும் அதில் சேர்ந்திருக்கும், பரவாயில்லை. சோதனை எழுத சைக்கோபை மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒலி அமைப்பில் 'பிடிபி' நூலகம் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நேரத் துல்லியத்துக்கு அதுதான் நல்லது.

சோதனையை உலாவியில் ஓட்டினால் வேறு கதை. பயனர் எதையாவது சொடுக்கும்வரை குரோம் ஒலியையே விடாது, அதனால் முதல் பக்கத்தில் ஒரு 'தொடங்கு' பொத்தான் கட்டாயம். விண்டோஸில் பெயரின் ஆங்கில எழுத்துப் பெரிதா சிறிதா என்று பாராமல் திறந்த கோப்பை, லினக்ஸ் வழங்கி 'இல்லை' என்று சொல்லிவிடும்.

இதெல்லாம் சரியான பிறகும் ஒரு வேலை பாக்கி. முதல் பங்கேற்பாளர் நீங்கள்தான். முழுப் பட்டியலையும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேளுங்கள், வேண்டுமென்றே சில விடைகளைத் தப்பாக அடியுங்கள், அப்புறம் கோப்பைத் திறந்து பாருங்கள். அந்த முதுகலை மாணவி முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார். எழுபது சொற்கள், எல்லாம் அவரே பதிவு செய்தவை, எத்தனை தடவைதான் கேட்பது? உட்கார்ந்தார். பன்னிரண்டாவது சொல் முடிகிற இடத்தில், மெல்லியதாக, அவருடைய அறைத்தோழியின் குரல் கேட்டது: "ஃபேனைப் போடட்டுமாடி?"