ஃப்ளோரசன்ஸ்: ஒளிர்வா, உடனொளிர்வா?

சென்னை ரிச்சி தெருவில் ரூபாய் நோட்டு சோதிக்கிற சின்ன ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைச் சானிடைசரில் கலக்கி, தூள் அடியில் படிந்ததும் அறையை இருட்டாக்கி டார்ச்சை அடித்துப் பாருங்கள் (கண்ணில் அடித்துவிடாதீர்கள்). போவது ஊதா, திரும்பி வருவது பச்சை கலந்த மஞ்சள். டார்ச்சை அணைத்ததும் அதுவும் போய்விடும். இதுதான் ஃப்ளோரசன்ஸ்.

பெயர் வைத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ், 1852இல். கொய்னா மருந்துக் கரைசலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி விழுந்தால் அது நீலமாக மின்னுவதை ஆராய்ந்துகொண்டிருந்தவர், அதே குணமுள்ள ஃப்ளோர்ஸ்பார் என்ற கல்லின் பெயரிலிருந்து இந்தச் சொல்லை உருவாக்கினார். அந்தக் கல்லுக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், உலோகத் தாதுவோடு சேர்த்துக் காய்ச்சும்போது அது தாதுவை எளிதாக உருகி ஓட வைக்கும். லத்தீனில் 'ஃப்ளூவெரே' என்றால் ஓடு, பாய். ஆக, சொல்லின் வேரில் ஒளியே இல்லை! பற்பசையில் இருக்கிற ஃப்ளோரைடும் இதே கல் வழி உறவுதான்.

சரி, தமிழில்? பலர் 'ஒளிர்வு' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். போதாது. மின்மினியும் ஒளிர்கிறது, அதற்கு யாரும் டார்ச் அடிப்பதில்லை. 'உடனொளிர்வு' என்ற கலைச்சொல்தான் சரியாகப் பொருந்துகிறது. 'உடன்' என்பதில் 'உடனே'யும் இருக்கிறது, உடன்பிறப்பில் வருகிற 'கூடவே'யும் இருக்கிறது. ஒளி பட்டு, ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்குக்குள் பதில் ஒளி வந்துவிடும். படுகிற ஒளி நின்றால் இதுவும் நிற்கும். விளக்கை அணைத்த பிறகும் கூரையில் மினுங்குகிற ஸ்டிக்கர் நட்சத்திரம் இருக்கிறதே, அது பாஸ்பரசன்ஸ், தமிழில் நின்றொளிர்வு. இந்த இரட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கல்லின் பெயரைச் சுமக்கிற மூலச்சொல்லைவிடத் தமிழ்ச்சொல் தெளிவு என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு வேடிக்கை: தாமதமாகப் புரிந்துகொள்கிறவரை நாம் 'டியூப் லைட்' என்கிறோம். பழைய டியூப் லைட் எரிவதே உடனொளிர்வால்தான். தாமதம் ஸ்டார்ட்டரும் சோக்கும் செய்கிற வேலை, பழி மட்டும் குழாய்க்கு.

உயிரணுவைப் பார்க்கிறவர்களுக்கு இது எதற்கு என்றால், உயிரணு பெரும்பாலும் நிறமற்றது, சாதாரண நுண்ணோக்கியில் கண்ணாடிமேல் கண்ணாடி வைத்த மாதிரி இருக்கும். டி.என்.ஏ.வில் போய் ஒட்டும் டாப்பி என்ற சாயத்தை ஏற்றிப் புற ஊதா அடித்தால், உட்கரு மட்டும் நீலமாகத் தெரியும். திரும்பி வருகிற ஒளிக்கு அலைநீளம் அதிகம் (மஞ்சள்தூளில் நிறம் மாறியதும் இதனால்தான்), எனவே அடிக்கிற ஒளியை ஒரு வடிகட்டி தடுத்துவிட, சுற்றிலும் கருப்பு, நடுவில் நமக்கு வேண்டியது மட்டும். சாயமே இல்லாமல், ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த பச்சைப் புரதத்தை உயிரணுவையே தயாரிக்க வைத்தும் பார்க்கலாம். அந்தப் புரதத்துக்காக ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவரும் 2008இல் வேதியியல் நோபல் வாங்கினார்கள்.

அப்புறம், இப்படிப் பார்க்க உதவுகிற கருவியை 'ஒளிரும் நுண்ணோக்கி' என்று எழுதாதீர்கள். ஒளிர்வது உள்ளே வைத்த உயிரணு, நுண்ணோக்கி அல்ல. உடனொளிர்வு நுண்ணோக்கி.