ரிலாப்ஸ்: சறுக்கலா, வீழ்ச்சியா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்தில், கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் வெள்ளிக்கிழமைதோறும் குடியை விட்டவர்கள் கூடுவோம். 'ரிலாப்ஸ்' என்ற சொல் காதில் விழாமல் ஒரு வெள்ளிக்கிழமையும் போவதில்லை. இளையவர்கள் "ரிலாப்ஸ் ஆயிட்டாரு" என்பார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பெரியவர்கள் "திரும்ப ஆரம்பிச்சிட்டான்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். கூட்டத்துக்கு ஒரு தமிழ்க் கையேடு போடும் வேலை என் தலையில் விழுந்தபோது, வழக்கமான மொழிபெயர்ப்பையே எடுத்து 'மறுவீழ்ச்சி' என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துக் காட்டியதும் செம்பனைக் குலை வெட்டும் மாமா ஒருவர் கேட்டார்: "ஒரு கிளாஸ் குடிச்சதுக்கு வீழ்ச்சியா? என்ன, சாம்ராஜ்யமா விழுந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. வேரைத் தேடிப் போனேன்.

சொல் லத்தீனிலிருந்து வருகிறது. 'லாபி' என்றால் வழுக்குதல், சறுக்குதல்; 'ரெ' என்றால் திரும்ப. விழுதல் என்ற பொருளும் அதில் உண்டு, ஆனால் கால் நழுவி விழுவது. இந்தச் சொல்லை ஐரோப்பாவில் திருச்சபை எடுத்துக்கொண்டபோது அதில் குற்றவாடை ஏறிவிட்டது. தவறான சமயக் கொள்கையை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடி அதற்கே திரும்பியவரை அப்படி அழைத்தார்கள். 1431இல் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கைத் தீயிலிட்டதும் இந்தக் குற்றத்தைச் சாட்டித்தான். மருத்துவத்தில் இதே சொல்லுக்கு, விட்ட நோய் திரும்ப வருவது என்று பொருள். மலேரியாவில் ஒரு வகை ஈரலில் ஒளிந்திருந்து, பல வாரமோ பல மாதமோ கழித்து மறுபடி காய்ச்சலாக வரும். அப்படிக் காய்ச்சல் திரும்பிய ஆளை யாரும் திட்டியதில்லை. குடி திரும்பினால் மட்டும் பழைய திருச்சபைக் கண்ணால் பார்க்கிறோம். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மறுபடி தொடுகிறார்கள் என்று அமெரிக்காவின் போதைப் பழக்க ஆய்வுக் கழகம் சொல்கிறது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா திரும்புவதும் ஏறக்குறைய இதே அளவுதானாம்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இரண்டையும் பிரித்துக் காட்டினார்: ஒரு தடவை தொடுவது 'லாப்ஸ்', பழைய குடிக்கே முழுதாகத் திரும்புவது 'ரிலாப்ஸ்'. முதலாவது இரண்டாவதாக மாறுவதற்குப் பெரிய காரணம், "உறுதி உடைந்துவிட்டது, நான் இவ்வளவுதான்" என்று அந்த ஆள் தனக்குள் சொல்லிக்கொள்வது என்றார். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது தேவையில்லை, 'முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு' என்ற பழமொழியிலேயே எல்லாம் இருக்கிறது.

மாமாவுக்கு அது பழமொழி மட்டுமில்லை. பதினோரு மாதம் தொடாமல் இருந்தவர். சுங்கை பட்டாணியில் தங்கச்சி மகள் கல்யாணத்தில், மண்டபத்துக்குப் பின்னால் காகிதக் கோப்பையில் யாரோ பீர் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு கோப்பைதான். "அன்னிக்கு ராத்திரி நல்லாத்தான் தூங்குனேன். காலையில எழுந்து, 'அதான் போச்சே'ன்னு நெனச்சேன் பாரு, அங்கதான் கவுந்தேன்." அப்புறம் மூன்று வாரம் சம்சு என்கிற மலிவுச் சாராயம்.

அந்த ஒரு கோப்பைக்கும் மூன்று வாரத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி? அதனால் நான் பிரித்துக்கொண்டேன். ஒரு தடவை தொட்டால் சறுக்கல், பழைய நிலைக்கே போய்விட்டால் மறுவீழ்ச்சி. 'பின்னடைவு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தேர்தலுக்கும் பொருளாதாரத்துக்கும் பொருந்தும், காகிதக் கோப்பைக்குப் பொருந்தாது. சறுக்கலில் 'யானைக்கும் அடி சறுக்கும்' என்ற ஆறுதலும் கூடவே வருகிறது. அதற்காக லேசாக நினைத்துவிடவும் கூடாது. ஹெராயினை நிறுத்தி இடைவெளி விட்டவர் உடம்புக்குப் பழைய அளவு தாங்காது, ஒரே சறுக்கலில் உயிர் போகலாம். வாரக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தாங்கிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

திருக்குறளில் இதைவிடப் பழைய சொல்லே இருக்கிறது: 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்க முடையார்வாய்ச் சொல்' (415). இழுக்கல் என்றால் வழுக்கல், ஊற்றுக்கோல் என்றால் ஊன்றிக்கொள்ளும் கோல். மழை பெய்த செம்மண் பாதையில் ரப்பர் பால்வாளி தூக்கி நடந்தவர்களுக்கு உரையே தேவைப்படாது. எங்கள் கூட்டத்தில் 'ஸ்பான்சர்' என்று சொல்கிறோமே, முன்னாலேயே குடியை விட்டு, புதியவருக்குத் துணையாக நிற்பவர், அவருக்கு ஊற்றுக்கோலைவிட நல்ல பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் கிடைத்தது. நோயிலிருந்து மீண்டவரைத் 'தேறிவிட்டார்' என்கிறோம். சங்கப் பாடல்களில் 'தேறல்' என்றால் தெளிந்த கள்! கலங்கியது தெளிவதுதான் இரண்டுக்கும் அடி. மாமாவிடம் சொன்னேன். "கள்ளு தேறுறப்ப நான் தேறமாட்டேனா?" என்றார்.

கையேட்டைத் திருத்தி அச்சடித்தாயிற்று. 'சறுக்கல்' என்ற தலைப்புக்குக் கீழே, 'சறுக்கினால் அன்றைக்கே யாரைக் கூப்பிடுவேன்' என்று ஒரு வரியும் பக்கத்தில் ஒரு கோடும் விட்டிருந்தோம். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்களுக்கு டீ போடும் தம்பியின் கைப்பேசி எண்ணைப் பென்சிலால் எழுதினார். எழுதி முடித்ததும் அவனைக் கூப்பிட்டு, "ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சாலும் எடுப்பியாடா?" என்று கேட்டுக்கொண்டார்.