பெம்பிகாய்டு: எதைப் போன்றது?

பெம்பிகாய்டு என்ற நோய்ப்பெயரின் முற்பகுதி, நீர்க்குமிழியையும் தோலில் எழும் கொப்புளத்தையும் ஒருசேரக் குறித்த ‘பெம்பிக்ஸ்’ என்னும் கிரேக்கச் சொல். பிற்பகுதி, வடிவம் எனப் பொருள்படும் ‘எய்டோஸ்’ வழி வந்து ‘போன்றது’ என்பதைச் சுட்டுவது. தமிழில் ‘மொக்குள்’ இதே இரு பொருளையும் தாங்கிய சொல். மழைநீரில் தோன்றி மறையும் குமிழி மொக்குள். பரற்கற்களில் நடந்த பாடினியின் அடியில் எழுந்த கொப்புளத்தையும் பொருநராற்றுப்படை ‘மறுகுநீர் மொக்குள்’ என்கிறது. உள்ளே நீர் அலைவதைக்கூடப் பார்த்துச் சொன்ன தொடர் அது.

எதைப் போன்றது? பெம்பிகஸ் என்னும் கொப்புள நோயைப் போன்றது. அந்த ஒரே பெயருக்குள் கிடந்த இரு நோய்களை, தோலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1953-இல் வால்ட்டர் லீவர் பிரித்தார். பெம்பிகஸில் மேல்தோலின் செல்களே ஒன்றைவிட்டொன்று விலகுவதால் கொப்புளம் தளர்ந்து எளிதில் உடைகிறது. பெம்பிகாய்டிலோ மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் புரதங்களை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குவதால், மேல்தோல் முழுதும் கூரையாக நிற்க, கொப்புளம் திராட்சைபோல் விறைத்து நிற்கிறது.

ஆகவே ‘போலிக் கொப்புள நோய்’ என்று பெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. அரிப்பால் இரவெல்லாம் உறங்காத முதியவரிடம் அவர் நோயைப் போலி என்பது கொடுமை. ‘தன்னெதிர்ப்பு மேல்தோலடிக் கொப்புள நோய்’ என்பது நீளமானாலும் காரணத்தையும் இடத்தையும் சொல்லிவிடுகிறது. ‘அக்கி’ அறவே பொருந்தாது. அது வைரஸால், பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக வருவது. அக்கியென்று எண்ணிக் காவி எழுதிக்கொண்டிருந்தால் சிகிச்சைதான் தள்ளிப்போகும்.

இதய நோயாளிக்கு இந்தத் தெளிவு மிகவும் தேவை. கால்வீக்கம் வடியத் தரப்படும் ஃப்யூரோசமைடு இந்நோயைத் தூண்டக்கூடிய மருந்துகளுள் ஒன்றாகக் கருதப்படுவதால், தோல் மருத்துவரிடம் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச்செல்ல வேண்டும்; ஆனால் தாமாக நிறுத்தினால் நீர் கோத்து மூச்சுத்திணறும் என்பதால், அதை மாற்றுவது இதய மருத்துவரைக் கலந்தே நடக்க வேண்டும். இந்நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டான பிரெட்னிசலோன் மாத்திரையும் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. 2002-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், நோய் பரவலாக இருந்தவர்களுள் அதற்கு நெருங்கிய பிரெட்னிசோன் மாத்திரையை உட்கொண்டவர்களைவிடக் குளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டு களிம்பைப் பூசியவர்களே கூடுதலாக உயிர் பிழைத்தனர். அதில் பூசிய அளவு நாளொன்றுக்கு 40 கிராம், அதுவும் உடல் முழுதும். முதுகுக்குப் பூசிவிட வீட்டில் இன்னொருவர் கை வேண்டும்.