விராலடிப்பான்: பெயரும் பறவையும்

கொட்டியாரக் குடாவின் மீது வட்டமிடும் எந்த வேட்டைப் பறவையையும் திருகோணமலையில் பருந்து என்றே சொல்லிவிடுகிறோம். செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் ஆண்டு முழுவதும் இங்கே இருப்பவை. மாரிக் காலத்தையொட்டி வடக்கிலிருந்து வலசை வரும் இன்னொன்றும் அவற்றோடு கலந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒஸ்ப்ரே எனப்படும் அதற்குத் தமிழில் விராலடிப்பான் என்ற பெயர் உண்டு.

விரால் என்பது வரால் என்னும் பழஞ்சொல்லின் வழக்கு வடிவம். ‘பருந்து கோழிக்குஞ்சை அடித்துக்கொண்டு போய்விட்டது’ என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த அடித்தல்தான் இங்கும்: மேலிருந்து பாய்ந்து காலால் பற்றுதல். விரால் குளத்து மீன். காற்றைச் சுவாசிக்க அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டியது. மேலே வரும் மீன் கண்ணில் படுவதும் அடிபடுவதும் எளிது என்பதால் பெயர் அதன்மேல் நின்றிருக்கலாம். களப்பில் இப்பறவை மணலை போன்ற மீன்களையும் பிடிக்கும் என்பதால் பெயர் பிழையாகிவிடாது.

ஒஸ்ப்ரே என்ற சொல்லோ எலும்பை உடைப்பது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பர்; மீனைத் தவிர வேறெதையும் பெரிதாக உண்ணாத பறவைக்கு அது பொருந்தவே இல்லை. 1758இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயசு இதற்கு இட்ட ஹலியேட்டஸ் என்ற அறிவியல் சிற்றினப் பெயருக்கும் கிரேக்கத்தில் கடற்கழுகு என்றே பொருள். ஆகவே பெயர்க்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. என் கருத்தில், தொழிலைச் சரியாகச் சொல்வது தமிழ்ப் பெயர்தான். மீன்பருந்து என்று எழுதினால் செம்பருந்தையும் சுட்டிவிடும். கடற்கழுகு என்பது வேறோர் இனத்துக்கு வழங்கிவிட்ட பெயர்.

இனங்காண்பதற்குக் கண்ணின் ஊடாகக் கழுத்துவரை ஓடும் கரிய பட்டையையும், வெண்மையான அடிவயிற்றையும், பறக்கையில் மணிக்கட்டருகே மடிந்து நிற்கும் நீண்ட இறக்கைகளையும் பார்க்க வேண்டும். கடற்கழுகின் வயிறும் வெண்மைதான். ஆனால் அது இன்னும் பெரியது, முகத்தில் பட்டை இல்லை, இறக்கைகளை மேல்நோக்கி உயர்த்தியே மிதக்கும். மற்ற இரண்டும் நீர்மட்டத்தில் இருப்பதைக் காலால் அள்ளிக்கொண்டு போகும். விராலடிப்பானோ ஓரிடத்தில் இறக்கையடித்து நின்று நோக்கி, கால்களை முன்னே நீட்டியபடி நீருக்குள்ளேயே விழும். அதன் வெளிவிரல் பின்னோக்கித் திரும்பக்கூடியது. பாதத்தின் அடியில் முட்போன்ற செதில்களும் இருப்பதால் வழுக்கும் மீன் நழுவுவதில்லை. எழுந்து உடலை உதறியபின், பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்குமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் கரைப்பக்கம் பறக்கும்.