ஜெர்மன் சில்வரில் வெள்ளி இல்லை

தேய்த்துத் தேய்த்து மஞ்சள் தெரியவைத்த துரை பங்களா டீபொட்டுகள் நுவரெலியா, ஹட்டன் பக்கமிருந்து இன்னும் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அடியில் "இ.பி.என்.எஸ்." என்ற பொறிப்பு. அதை வெள்ளி முத்திரை என்று நம்பாதவர்கள் குறைவு.

அது வெள்ளி முத்திரை அல்ல. நிக்கல் சில்வர்மேல் மின்முலாம், அதாவது மின்சாரத்தால் மெல்லிய வெள்ளிப் பூச்சு, பூசியது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நிக்கல் சில்வரைத்தான் நாம் ஜெர்மன் சில்வர் என்கிறோம். செம்பு, துத்தநாகம், நிக்கல். பெயரில் மட்டும் வெள்ளி. "காந்தம் ஒட்டவில்லையே" என்பார்கள். இந்தக் கலவையிலும் காந்தம் ஒட்டாது! "நூறு வருஷத்துக்கு முந்தியது" என்பார்கள். இங்கிலாந்தில் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை எடுத்தது 1840இல். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். நம் முதல் தேயிலைத் தோட்டத்தைவிட முலாம் மூத்தது. பழமை எதையும் நிரூபிக்காது.

பழைய இங்கிலாந்து வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும்: ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று பொருள். பக்கத்தில் பரிசோதித்த ஊரின் குறி, பர்மிங்காமுக்கு நங்கூரம். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அரசர் அல்லது அரசியின் தலையும் உண்டு. முலாம் சாமான்காரர்களும் இவற்றைப் போலவே சிறு கட்டங்கள் பொறித்தார்கள். சிங்கத்தை லென்ஸ் வைத்துத் தேடுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறுதான் அதிகம் வலிக்கிறது. முத்திரை இல்லை என்று கண்டிச் சுண்ணாம்புச் செப்பையும் பாட்டியின் தண்டையையும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். நம் பத்தர்கள் முத்திரை அடித்ததில்லை. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயை உருக்கியே பலதும் செய்தார்கள். அந்த ரூபாயில் 1939 வரை ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. உருக்குமுன் உரைகல்லில் பாருங்கள். மேலாக உரசினால் முலாமும் வெள்ளி என்றே காட்டும். மறைவான விளிம்பில் அரத்தால் சற்று ஆழமாகத் தொட்டு, பிறகு திராவகம். பச்சை பொங்கினால் வெள்ளியல்ல.

துலக்கச் சாம்பல், பற்பசை வேண்டவே வேண்டாம். முலாம் காகிதத்தைவிட மெல்லியது. அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் போட்ட வெந்நீர் சித்திரவேலையின் பள்ளத்துக் கருமையையும் எடுத்துவிடும். கொடியும் பூவும் தட்டையாகிப் போகும். அந்தக் கருமை அழுக்கல்ல, வேலையின் பகுதி. கத்திப் பிடிகள் உள்ளே பொள்ளல், அரக்கு அடைத்தவை. வெந்நீரில் முக்கினால் கழன்றுவிடும்.

இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பஞ்சுத் துணி போதும். உடனே துடையுங்கள், மலைநாட்டு ஈரம் காத்திருக்காது. உப்புக் கிண்ணத்தில் உப்பை இரவு விடாதீர்கள், குழி விழும். தயவுசெய்து கரண்டிகளை ரப்பர் பட்டியால் கட்டாதீர்கள். ரப்பர் பட்ட இடத்தில் விழும் கருப்புக் கோட்டை எடுக்க வெள்ளியையே சுரண்டவேண்டி வருகிறது.