“கலைத்தோம்” என்று எழுதினால் என்ன பொருள்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியின் 19ஆம் நூற்றாண்டுக் காவல் ஆவணங்களைப் படிக்கப் போகிறவர் முதலில் ஒரு சொல்லைப் பழகிக்கொள்ள வேண்டும்: “கலைத்தோம்”. பூர்வகுடிகளின் முகாமைக் கலைத்ததாக அதிகாரி எழுதியிருந்தால், பெரும்பாலும் துப்பாக்கியால் சுட்டார்கள் என்றே பொருள். எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணிக்கை அந்த வரியில் இருக்காது.

இப்படி எழுதிய காவல் படையின் பெயர் ‘நேட்டிவ் போலீஸ்’. 1848இல் பிரடெரிக் வாக்கர் தலைமையில், தெற்கே மரே, மரம்பிட்ஜி ஆற்றங்கரைகளிலிருந்து திரட்டிய 14 பேரோடு தொடங்கியது. 1859இல் குயின்ஸ்லாந்து தனிக் காலனியானபோது அதன் கைக்கு வந்தது. அதிகாரி வெள்ளையர், சிப்பாய்கள் பூர்வகுடிகள். சிப்பாய்களை வேண்டுமென்றேதான் தொலைவிலிருந்து கொண்டுவந்தார்கள். அந்த மண்ணில் அவர்களுக்கு உறவும் இல்லை, மொழியும் இல்லை; தப்பி ஓடினாலும் அந்நிய நிலம். “தங்கள் ஆட்களையே கொன்றார்கள்” என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. அந்தக் கண்டத்தில் நூற்றுக்கணக்கான மொழிகளும் மக்களும் இருந்தார்கள். கட்டளையிட்டது காலனி அரசு.

ஓர் அறிக்கையை மட்டும் படித்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அதற்கு முந்தைய மாதங்களையும் புரட்டிப் பாருங்கள். 1857 அக்டோபரில் ஹார்னெட் பேங்க் பண்ணையில் 11 குடியேறிகளை யிமன் என்ற பூர்வகுடி மக்கள் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க நேட்டிவ் போலீசும் குடியேறிகளும் மாதக்கணக்கில் வேட்டையாடினார்கள். அந்தக் கொலையில் தொடர்பே இல்லாதவர்களும் செத்தார்கள். அதிகாரியின் அறிக்கை, பண்ணையாரின் கடிதம், நாளிதழ்ச் செய்தி, வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் பூர்வகுடிகளின் நினைவு ஆகிய நான்கையும் ஒரே தேதி வரிசையில் வைத்தால்தான் உருவம் தெரியும்.

நீதிமன்றப் பதிவு இல்லையே என்று கேட்பவர்கள் சாட்சிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவச் சத்தியப்பிரமாணம் செய்ய முடியாதவர் என்று சொல்லி, பூர்வகுடிகளின் சாட்சியத்தை, 1859 வரை குயின்ஸ்லாந்தும் சேர்ந்திருந்த நியூ சவுத் வேல்ஸ் காலனி 1876 வரை ஏற்கவில்லை. உயிர் பிழைத்தவர் கண்ணால் கண்டதற்கு நீதிமன்றத்தில் மதிப்பே இல்லை.

நியூ சவுத் வேல்ஸில் நடந்த மயால் க்ரீக் வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1838 ஜூன் 10இல் பண்ணை ஆட்களின் கூட்டம் ஒன்று, விரயாராய் என்ற பூர்வகுடி மக்கள் குறைந்தது 28 பேரை வெட்டிக்கொன்று உடல்களை எரித்தது. பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பண்ணை மேலாளர் வில்லியம் ஹாப்ஸ் புகார் கொடுத்தார், பண்ணையில் வேலைசெய்த ஜார்ஜ் ஆண்டர்சன் சாட்சி சொன்னார். இரண்டு வெள்ளையர்கள் வாய்திறந்ததால்தான் வழக்கே நின்றது. அப்படியும் முதல் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட 11 பேரும் விடுதலை. எரிந்த உடல் யாருடையது என்று உறுதிசெய்ய முடியாததே முக்கியக் காரணம். இரண்டாம் விசாரணையில் ஒரு குழந்தையின் கொலைக்காக 7 பேருக்குத் தூக்கு. கூட்டத்தை வழிநடத்திய ஜான் பிளெமிங் பிடிபடவே இல்லை. அதன்பின் குடியேறிகள் கொலையை நிறுத்தவில்லை, மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே ஆவணத்தின் மௌனத்தை, எதுவும் நடக்கவில்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாளர் லிண்டல் ரயனின் குழு தயாரித்த, படுகொலைகள் நடந்த இடங்களைக் காட்டும் வரைபடம், தற்காத்துக்கொள்ள முடியாத 6 பேர் அல்லது அதற்கு மேல் ஒரே நடவடிக்கையில் கொல்லப்பட்டால் அதைப் படுகொலை என்று கணக்கிடுகிறது. ஏன் ஆறு? ஓர் அடுப்பைச் சுற்றி வாழும் குழுவில் ஏறக்குறைய 20 பேர்தான் இருப்பார்கள். ஆறு பேர் போனால் உணவு தேட, குழந்தைகளைக் காக்க, சடங்கு நடத்த ஆளில்லாமல் மிச்சமிருப்பவர்களும் சிதறிப்போவார்கள். ஒருவர், இருவராகச் செத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

பிரடெரிக் வீலர் என்ற நேட்டிவ் போலீஸ் அதிகாரி, பூர்வகுடிகள் பெரிய அளவில் கூடினால் கலைப்பதுதான் தன் கடமை என்று 1861இல் நாடாளுமன்றக் குழுவின் முன்னாலேயே சொன்னார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பதவியில் இருந்தார். 1876இல் கொலைக்குற்றம் சுமத்தப்பட்டபோது பிணையில் வெளிவந்து, நாட்டைவிட்டே தப்பிப்போனார்.